ஸ்டார்ட், பிகின், கமென்ஸ், லாஞ்ச்: ‘ஆரம்பிக்க’ உதவும் ஆங்கில வினைச்சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவாரூர், மன்னார்குடி, கும்பகோணம் வட்டாரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். காலேஜ் பிள்ளைகள், நர்சிங் முடித்து வெளிநாடு போகிறவர்கள், உரக்கடைக்காரர், உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்காகக் கடிதம் எழுதுகிறவர் என்று யார் வந்தாலும் ‘ஆரம்பி’ என்கிற இடத்தில் ஒருமுறையாவது தடுக்கி நிற்கிறார்கள். சந்தேகங்களும் திரும்பத் திரும்ப அதேதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, கீழே பதில் போட்டிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு படியுங்கள். தமிழ் பேசும்போது நாம் எல்லாவற்றையும் ‘ஆரம்பிப்பது’ இல்லை. மழை பிடிக்கும், சண்டை மூளும், தீப் பற்றும், காய்ச்சல் காணும், மோட்டார் போடுவோம், நாற்று விடுவோம், கல்யாணத்துக்குப் பந்தக்கால் நடுவோம், கோயிலில் கொடி ஏறும், பஸ் கிளம்பும். எது தொடங்குகிறது, யார் தொடங்கி வைத்தது என்று பார்த்துத்தான் வாய் தானாகச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறது. ஆங்கிலத்திலும் அதே கணக்குதான்.

பிகினும் ஸ்டார்ட்டும் ஒண்ணுதானே டீச்சர்? எதுக்கு ரெண்டு வார்த்தை?

பாதிக்கு மேற்பட்ட இடங்களில் ஒன்றுதான். ‘தி கிளாஸ் பிகின்ஸ் அட் டென்’, ‘தி கிளாஸ் ஸ்டார்ட்ஸ் அட் டென்’ இரண்டும் சரி, பயந்து பயந்து தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. பிகின் கொஞ்சம் நிதானமான சொல், எழுத்தில் அதிகம் வரும். ஸ்டார்ட் பேச்சில் அதிகம் வரும்.

வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்றால், ஸ்டார்ட் என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் துள்ளி எழுவது, திடுக்கிடுவது என்றுதான் பொருள். இன்றைக்கும் வெடிச் சத்தம் கேட்டுத் தூக்கிவாரிப் போட்டால் ‘ஹி ஸ்டார்ட்டட் அட் தி நாய்ஸ்’ என்று கதைப் புத்தகங்களில் எழுதுவார்கள், திடுக்கிட வைப்பதற்கு இருக்கும் ஸ்டார்ட்டில் என்ற சொல்லும் அதே வேரில் வந்ததுதான். அந்தத் துள்ளல் இன்னும் ஸ்டார்ட்டுக்குள் இருக்கிறது. சும்மா கிடந்த ஒன்று சட்டென்று இயங்க ஆரம்பித்தால் ஸ்டார்ட். பேச்சு, புத்தகம், சடங்கு, ஒரு காலம் மாதிரி விரிந்துகொண்டே போவதற்குப் பிகின் நன்றாகப் பொருந்தும்.

எதிர்ச்சொல்லை வைத்துப் பார்த்தாலும் பிடிபடும். ஸ்டார்ட்டுக்கு எதிரே ஸ்டாப் நிற்கிறது, பிகினுக்கு எதிரே எண்ட் நிற்கிறது. என்ஜினை ஸ்டாப் பண்ணலாம், கதையை எண்ட் பண்ணலாம்.

அப்ப பிகின் போடவே கூடாத இடம் எது?

முதலில் இயந்திரம். ‘தி கார் வுட் நாட் ஸ்டார்ட்’ சரி, ‘பிகின்’ போட்டால் தப்பு. இரண்டாவது பயணம் கிளம்புவது. மூன்றாவது ஒன்றை உண்டாக்கி விடுவது: தீ மூட்டுவது, வதந்தி கிளப்புவது, கம்பெனி தொடங்குவது. ‘ஸ்டார்ட் எ ஃபயர்’, ‘ஸ்டார்ட் எ ரூமர்’, ‘ஸ்டார்ட் எ பிசினஸ்’ என்றுதான் வரும்.

கூடவே ஒன்று. ‘ஸ்டார்ட் எ ஃபேமிலி’ என்றால் கல்யாணம் செய்துகொண்டு தனிக்குடித்தனம் போவது என்று நம்மவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பொருள் முதல் குழந்தை பெற்றுக்கொள்வது. புதிதாகக் கல்யாணமானவர் வெளிநாட்டு நேர்காணலில் சும்மா பேச்சுவாக்கில் இதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் வேறு மாதிரி புரிந்துகொள்வார்.

‘மோட்டாரைப் போடு’ன்னு சொல்ல ‘புட் தி மோட்டார்’ சொல்லக் கூடாதா? ‘ஓபன் தி லைட்’டும் தப்பா?

இரண்டும் ஆங்கிலம் இல்லை. ‘புட் தி மோட்டார்’ என்றால் மோட்டாரைத் தூக்கி எங்கேயோ வைக்கச் சொன்னதாக ஆகும். மின்சாரத்தில் ஓடுகிற எதற்கும் ‘ஸ்விட்ச் ஆன்’ அல்லது ‘டர்ன் ஆன்’. பம்ப்செட் மோட்டாருக்கு ‘ஸ்டார்ட்’டும் சரி, நாம் அமுக்குகிற பெட்டிக்கே ஸ்டார்ட்டர் என்றுதானே பெயர். டீசல் என்ஜினுக்கு ‘ஸ்டார்ட்’ மட்டும்தான், அங்கே ‘ஸ்விட்ச் ஆன்’ போட மாட்டார்கள்.

குழாய்க்கு ‘டர்ன் ஆன் தி டேப்’ என்பதுதான் பழக்கமான வழி. மதகு, ஷட்டர் இதற்கெல்லாம் ‘ஓபன்’ சரி, அங்கே உண்மையிலேயே ஒரு கதவு திறக்கிறது.

‘கிளம்பிட்டேன்’னு சொல்ல ‘ஐ ஸ்டார்ட்டட்’னு மெசேஜ் போட்டேன், ஃபாரின் மேனேஜர் ‘எதை ஆரம்பிச்சே?’ன்னு கேக்குறார். ஏன்?

ஸ்டார்ட்டுக்குக் ‘கிளம்பு’ என்ற பொருள் ஆங்கிலத்தில் உண்டுதான், ‘வி ஸ்டார்ட்டட் ஃபார் தஞ்சாவூர் அட் சிக்ஸ்’ என்றால் தப்பில்லை. ஆனால் எங்கே, எதற்கு என்ற துணையில்லாமல் ‘ஐ ஸ்டார்ட்டட்’ என்று மொட்டையாக நிற்கும்போது இந்தியாவுக்கு வெளியே இருப்பவருக்கு வேலையை ஆரம்பித்ததாகத்தான் கேட்கும். ‘ஐ ஹாவ் லெஃப்ட்’ அல்லது ‘ஐயாம் ஆன் மை வே’ என்று போட்டுவிடுங்கள், யாருக்கும் குழப்பம் வராது.

‘ஸ்கூல் ஸ்டார்ட்ஸ் ஃப்ரம் மண்டே’ தப்பா? எல்லா சர்க்குலர்லயும் அப்படித்தானே போட்டிருக்காங்க?

போட்டிருக்கிறார்கள், அதனால்தான் இது விடாமல் வருகிறது. ‘திங்கட்கிழமையிலிருந்து’ என்பதில் உள்ள ‘இலிருந்து’ அப்படியே ‘ஃப்ரம்’ ஆகிவிடுகிறது. ஆனால் ஸ்டார்ட் என்பது ஒரு புள்ளியில் நடந்து முடிந்துவிடுகிற காரியம். பள்ளி திங்கட்கிழமை திறந்தால் திறந்ததுதான், செவ்வாய்க்கிழமை மறுபடி திறக்காது. அதனால் ‘ஸ்டார்ட்ஸ் ஆன் மண்டே’. மணி என்றால் ‘அட் நைன்’, மாதம் என்றால் ‘இன் ஜூன்’.

‘ஃப்ரம்’ எங்கே வரும் என்றால், தொடர்ந்து நீடிக்கிற வினையோடு வரும்: ‘தி ஆஃபீஸ் வில் பி ஓபன் ஃப்ரம் மண்டே’. இடத்துக்கும் வரும்: ‘தி பஸ் ஸ்டார்ட்ஸ் ஃப்ரம் கும்பகோணம்’. விலைக்கும் வரும். கிழமைக்கும் தேதிக்கும் மட்டும் ஸ்டார்ட், பிகின், கமென்ஸ் மூன்றோடும் ‘ஃப்ரம்’ வேண்டாம்.

பிகேனா, பிகன்னா?

தனியாக நின்றால் பிகேன்: ‘தி ஃபங்ஷன் பிகேன்’. முன்னால் ஹாவ், ஹாஸ், ஹாட் இருந்தால் பிகன்: ‘தி ஃபங்ஷன் ஹாஸ் பிகன்’. ‘ஹாஸ் பிகேன்’ எப்போதும் தப்பு. ஸ்டார்ட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை, எங்கேயும் ஸ்டார்ட்டட்தான், அதனால் மேடையில் பேசும்போது சந்தேகம் வந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

‘ஸ்டார்ட்டட் டு ரீட்’, ‘ஸ்டார்ட்டட் ரீடிங்’ ரெண்டுல எது சரி?

இரண்டும் சரி. ஆனால் மூன்று இடங்களில் காது கவனமாக இருக்க வேண்டும். ஸ்டார்ட்டே ‘ஸ்டார்ட்டிங்’ ஆகி நின்றால் பின்னால் இன்னொரு ‘இங்’ போடாதீர்கள். ‘இட் இஸ் ஸ்டார்ட்டிங் டு ரெய்ன்’ நல்ல வாக்கியம், ‘ஸ்டார்ட்டிங் ரெய்னிங்’ காதில் இடிக்கும். அடுத்தது அறிவது, புரிவது, உணர்வது மாதிரி மனசுக்குள் நடக்கிற வினைகள். அங்கே ‘டு’ மட்டும்தான்: ‘ஐ பிகேன் டு அண்டர்ஸ்டாண்ட்’. இப்படி மெதுவாக மனசில் படுவதற்குப் பிகின்தான் அழகாக இருக்கும் என்பது என் கருத்து.

மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. ‘ஹி ஸ்டார்ட்டட் டு ஸ்பீக்’ என்றால் வாயெடுத்தார் என்கிற அளவுதான், யாராவது குறுக்கிட்டு நிறுத்தியிருக்கலாம். ‘ஹி ஸ்டார்ட்டட் ஸ்பீக்கிங்’ என்றால் பேச்சு ஓட ஆரம்பித்துவிட்டது. எல்லாரும் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை, நல்ல எழுத்தாளர்கள் பார்ப்பார்கள்.

‘தி மீட்டிங் வாஸ் ஸ்டார்ட்டட் அட் டென்’னு மினிட்ஸ்ல எழுதினேன். ‘வாஸ்’ஸை அடிச்சிட்டாங்க. ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

சில சொற்கள் இரண்டு பக்கமும் வேலை செய்யும். ஸ்டார்ட், பிகின், கமென்ஸ், ஓபன், ரிஸ்யூம் எல்லாம் அந்த வகை. ‘தி மீட்டிங் ஸ்டார்ட்டட்’ என்றால் கூட்டம் தொடங்கியது, ‘தி கலெக்டர் ஸ்டார்ட்டட் தி மீட்டிங்’ என்றால் கலெக்டர் தொடங்கினார். கூட்டம் தொடங்கியது என்று மட்டும் சொல்லும்போது ‘வாஸ்’ தேவையே இல்லை. ‘வாஸ் ஸ்டார்ட்டட்’ என்று எழுதினால் யாரோ அதை உண்டாக்கினார்கள், அவர் பெயர் பின்னால் வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பு வந்துவிடும். ‘தி ஸ்கூல் ஸ்டார்ட்டட் அட் நைன்’ என்றால் காலை ஒன்பதுக்கு மணி அடித்தது. ‘தி ஸ்கூல் வாஸ் ஸ்டார்ட்டட் பை தி வில்லேஜர்ஸ்’ என்றால் ஊர்க்காரர்கள் சேர்ந்து பள்ளிக்கூடம் வைத்தார்கள்.

சில சொற்களுக்கு ஆள் கட்டாயம் வேண்டும். இனிஷியேட், லாஞ்ச், இனாகுரேட், ஃபவுண்ட், எஸ்டாப்ளிஷ் இந்த வகை. ‘தி ஸ்கீம் இனிஷியேட்டட் இன் ஜூன்’ தப்பு, ‘வாஸ் இனிஷியேட்டட்’ சரி. வேறு சிலவற்றுக்கு ஆளே கூடாது: ‘பிரேக் அவுட்’, ‘செட் இன்’. தீயும் மழையும் தாமாக வருகிறவை. ஆக ஒரு சொல்லைப் படிக்கும்போது பொருளை மட்டும் எழுதி வைக்காமல் ஆள் வேண்டுமா, வேண்டாமா என்பதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள், பாதித் தப்பு அதிலேயே போய்விடும்.

மழை பிடிச்சுக்கிச்சுங்கிறதுக்கு என்ன சொல்றது? ‘ரெய்ன் ஸ்டார்ட்டட்’ போதுமா?

சாயங்காலம் ஒரு பாட்டம் பெய்தால் ‘இட் ஸ்டார்ட்டட் ரெய்னிங்’ போதும். வடகிழக்குப் பருவமழை வந்து உட்கார்ந்துவிட்டது என்றால் ‘தி நார்த்ஈஸ்ட் மான்சூன் ஹாஸ் செட் இன்’. வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தமிழ்நாட்டுக்கு வருகிற மழை அது, வந்தால் டிசம்பர் வரை நம்மோடுதான். அந்த ‘வந்து நிலைத்துவிட்டது’ என்பதைத்தான் செட் இன் சொல்கிறது.

பெரும்பாலும் நாம் விரும்பாத, சீக்கிரம் போகாத விஷயங்களுக்குத்தான் செட் இன் வரும்: குளிர், நோய்த்தொற்று, அழுகல், பயம். தண்ணீர் வடியாமல் நின்று சம்பாப் பயிரின் வேர் அழுகத் தொடங்கினால் ‘ராட் ஹாஸ் செட் இன்’. தீ, சண்டை, கொள்ளைநோய் மாதிரித் திடீரென்று வெடித்துக் கிளம்புவதற்கு ‘பிரேக் அவுட்’: ‘எ ஃபயர் புரோக் அவுட்’, ‘டெங்கி புரோக் அவுட்’. நல்ல விஷயத்துக்கு இதைப் போடாதீர்கள், ‘எ ஃபெஸ்டிவல் புரோக் அவுட்’ என்று ஒரு மாணவர் எழுதியிருந்தார், திருவிழா கலவரமானது போல இருந்தது.

கமென்ஸ் போட்டா லெட்டர் கெத்தா இருக்கும்னு சொல்றாங்களே?

இடம் பார்த்துப் போட வேண்டும். கமென்ஸ் பிரெஞ்சு வழியாக வந்த சொல். 1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு கோர்ட்டும் அரண்மனையும் பல தலைமுறைக்குப் பிரெஞ்சு பேசின, அதனால் அந்த வழியில் வந்த சொற்களுக்கு இன்றும் ஒரு அலுவலக வாசனை இருக்கிறது. பிகினும் ஸ்டார்ட்டும் வீட்டுச் சொற்கள். தேர்வு அறிவிப்பு, டெண்டர், ஒப்பந்தம், கோர்ட் விசாரணை இதற்கெல்லாம் கமென்ஸ் கச்சிதம்: ‘தி எக்ஸாமினேஷன் வில் கமென்ஸ் அட் டென் ஏஎம்’. ‘ஐ கமென்ஸ்ட் ஈட்டிங் இட்லி’ என்று எழுதினால் படிக்கிறவருக்குச் சிரிப்பு வரும்.

அமெரிக்காவில் ‘கமென்ஸ்மென்ட்’ என்றால் பட்டமளிப்பு விழா. அங்கே படிக்கப் போன பிள்ளை ‘மே மாசம் கமென்ஸ்மென்ட்’ என்று சொன்னால் படிப்பு அப்போதுதான் ஆரம்பிக்கிறதா என்று பதற வேண்டாம்.

சட்டத்துல ‘கமென்ஸ்மென்ட்’னு தனியா ஒரு வரி வருதே, சட்டம் போட்ட தேதிதானே அது?

இல்லை, பெரும்பாலும் வேறு தேதி. சட்டம் நிறைவேறுவது ஒன்று, நடைமுறைக்கு வருவது இன்னொன்று, இரண்டாவதுதான் கமென்ஸ்மென்ட். நம் அரசியலமைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 1949 நவம்பர் 26 அன்று ஏற்றுக்கொள்ளப்பட்டது, குடியுரிமை, தேர்தல் தொடர்பான சில பிரிவுகள் மட்டும் அன்றே உயிர் பெற்றன, மீதியெல்லாம் 1950 ஜனவரி 26 அன்று. அந்த ஜனவரி நாளைத்தான் 394ஆம் பிரிவு அரசியலமைப்பின் கமென்ஸ்மென்ட் என்று சொல்கிறது.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வைத்திருப்பவர்களும் இதே இடத்தில் குழம்புகிறார்கள். ‘டேட் ஆஃப் இன்கார்ப்பரேஷன்’ என்பது நிறுவனம் பதிவாகிச் சட்டப்படி பிறந்த நாள். ‘டேட் ஆஃப் கமென்ஸ்மென்ட் ஆஃப் பிசினஸ்’ என்பது கொள்முதலோ விற்பனையோ உண்மையில் தொடங்கிய நாள். படிவத்தில் இரண்டு கட்டத்திலும் ஒரே தேதியைப் போட்டுவிட்டுப் பிறகு அலைகிறார்கள். பங்கு மூலதனத்தோடு 2018 நவம்பருக்குப் பிறகு பதிவான கம்பெனிகள், பதிவான 180 நாளுக்குள் தொழில் தொடங்குவதற்கான உறுதிமொழியை ஐஎன்சி-20ஏ படிவத்தில் கொடுக்க வேண்டும். அதனால் இந்த இரண்டு சொல்லுக்கும் உள்ள இடைவெளி உங்கள் ஆடிட்டருக்கு மட்டுமில்லாமல் உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இனிஷியேட்ன்னா?

ஒரு நடைமுறையின் முதல் அடியை எடுத்து வைப்பது. நடவடிக்கை, விசாரணை, பேச்சுவார்த்தை, சிகிச்சை இதோடெல்லாம் வரும். நர்ஸ்கள் கேஸ் ஷீட்டில் ‘ட்ரீட்மென்ட் இனிஷியேட்டட்’ என்று எழுதுவது சரியான பயன்பாடு. முதல் அடி எடுத்தவரே முடித்து வைக்க வேண்டும் என்ற பொருள் இதில் இல்லை, கோப்பைத் தொடங்கி மேலே அனுப்பினாலும் இனிஷியேட் பண்ணியதுதான். தீட்சை கொடுத்து ஒருவரை ஒரு மரபுக்குள் சேர்ப்பதும் இனிஷியேட்தான், ஆனால் அங்கே ‘இன்டு’ சேரும்.

புதுக் கடைத் திறப்பு விழாவுக்கு இன்விடேஷன் அடிக்கணும். ஓபனா, இனாகுரேட்டா, லாஞ்சா?

கடை என்றால் ‘ஓபன்’ போதும், ஓபன் எளிமையான சொல் என்பதால் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. விஐபி வந்து ரிப்பன் வெட்டிக் குத்துவிளக்கு ஏற்றுகிறார் என்றால் ‘இனாகுரேட்’. இந்தச் சொல்லுக்குப் பின்னால் நம்மூர்க்காரர்களுக்குப் பிடிக்கிற கதை ஒன்று உண்டு. பழைய ரோமில் ஆகுர் என்று அழைக்கப்பட்ட பூசாரிகள் பறவைகள் பறக்கிற திசையைப் பார்த்து, காரியம் தொடங்கலாமா கூடாதா என்று சகுனம் சொன்னார்கள், இனாகுரேட் அந்த வழியில் வந்தது. நாம் நல்ல நேரம் பார்த்து இன்விடேஷனில் ‘9.15 டு 10.15’ என்று போடுவதற்கும் அதற்கும் பெரிய தூரம் இல்லை. அமெரிக்க ஜனாதிபதி ஜனவரி 20 அன்று பதவியேற்பதும் இனாகுரேஷன்தான். ஆனால் லண்டனில் ஒரு தெருமுனைக் கடைக்கு யாரும் இனாகுரேட் போட மாட்டார்கள்.

லாஞ்ச் வேறு ரகம். ஈட்டியைக் குறிக்கிற லான்ஸ் என்ற சொல்லோடு உறவு, அதாவது வீசி எறிவது. கரையில் இருக்கிற படகைத் தண்ணீரில் தள்ளி இறக்குவதும் லாஞ்ச், ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுவதும் லாஞ்ச். கையை விட்டுப் போய் உலகத்துக்குள் பாய்கிற எதற்கும் அது பொருந்தும்: புதுப் பொருள், அரசுத் திட்டம், பிரசாரம், இயக்கம். ஆகவே கடையை ஓபன் பண்ணுங்கள், அந்தக் கடையில் உங்கள் சொந்த பிராண்ட் காபித் தூளை லாஞ்ச் பண்ணுங்கள்.

‘தி காலேஜ் வாஸ் ஃபவுண்ட் இன் 1854’ன்னு எழுதினா தப்பாமே?

தப்பு. ஃபைண்ட் என்ற வினையின் இறந்தகாலம் ஃபவுண்ட், அதாவது கண்டெடுத்தது. நிறுவுவது என்ற ஃபவுண்ட் தனி வினை, அதன் இறந்தகாலம் ஃபவுண்டட். கும்பகோணம் அரசுக் கல்லூரியின் தொடக்கம் 1854. அதை யாரும் காவிரிக்கரையில் கண்டெடுக்கவில்லை, நிறுவினார்கள், ஆகவே ‘வாஸ் ஃபவுண்டட் இன் 1854’.

ஃபவுண்ட் என்பதில் அடித்தளம் போட்டவர் ஒருவர் தெரிவார்: ‘அண்ணாமலை யுனிவர்சிட்டி வாஸ் ஃபவுண்டட் இன் 1929 பை ராஜா சர் அண்ணாமலை செட்டியார்’. அரசு நிறுவியது என்றால் ‘எஸ்டாப்ளிஷ்’ பொருத்தம், தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகம் ‘வாஸ் எஸ்டாப்ளிஷ்ட் இன் 1981’. கமிட்டி, நடுவர் மன்றம், தற்காலிக முகாம் இதற்குப் பேச்சில் ‘செட் அப்’, அரசாணையில் ‘கான்ஸ்டிட்யூட்’. காவிரி நடுவர் மன்றம் 1990 ஜூன் 2 அன்று கான்ஸ்டிட்யூட் ஆனது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு ‘செட் அப்’பும் ‘ஓபன்’னும் நன்றாக இருக்கும், ‘ஃபவுண்ட்’ ரொம்பப் பெரிய சட்டை.

செட் அவுட், செட் ஆஃப், எம்பார்க். மூணும் கிளம்புறதுதானே?

கிளம்புவதுதான், ஆனால் மனசில் என்ன வைத்துக்கொண்டு கிளம்புகிறோம் என்பதில் மாறும். செட் ஆஃப் சும்மா புறப்படுவது. செட் அவுட்டில் ஒரு நோக்கம் கூடவே வரும். 1930இல் காந்தி உப்புச் சத்தியாகிரகத்தை ‘லாஞ்ச்’ பண்ணினார், அது இயக்கம். ராஜாஜி ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து தொண்டர்களோடு வேதாரண்யத்துக்கு ‘செட் அவுட்’, அது நடை, கடைசியில் உப்பு அள்ளுவது என்ற குறி இருந்தது. தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக அந்தப் படை நடந்து மாதக் கடைசியில் வேதாரண்யம் சேர்ந்தது. இந்த இரண்டு சொல்லையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள், வரலாறே கோணலாகிவிடும்.

எம்பார்க் என்றால் கப்பலேறுவது. அதிலிருந்து நீளமான, சிரமமான, திரும்பி வருவது எளிதில்லாத வேலையில் இறங்குவதற்கு ‘எம்பார்க் ஆன்’. பிஎச்.டி.யில் எம்பார்க் பண்ணலாம், டீ போடுவதில் பண்ண முடியாது. செட் ஆஃபுக்கு இன்னொரு பொருளும் உண்டு, தீபாவளிக்கு வெடி வெடிப்பது: ‘செட் ஆஃப் கிராக்கர்ஸ்’.

நின்னு போனதை மறுபடி ஆரம்பிச்சா ரெஸ்யூமா, ரீஸ்டார்ட்டா? ரெஸ்யூமேன்னா பயோடேட்டா இல்லையா?

எழுத்து ஒன்று, உச்சரிப்பு வேறு. பயோடேட்டா என்றால் ரெஸ்யூமே, வினைச்சொல் ரிஸ்யூம். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் ரிஸ்யூம், பழையதைத் துடைத்து முதலிலிருந்து வந்தால் ரீஸ்டார்ட். நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் போக்குவரத்து 2023 அக்டோபர் 14 அன்று ‘வாஸ் இனாகுரேட்டட்’, கொடியசைத்ததால் ‘ஃபிளாக்ட் ஆஃப்’ என்றும் செய்தியில் வந்தது. சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் ‘ரிஸ்யூம்ட்’. ‘ரிஸ்யூம் அகெய்ன்’ வேண்டாம், மறுபடி என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்புவதற்கும் ‘ஐ வில் ரிஸ்யூம் டியூட்டி ஆன் மண்டே’, மேலே பள்ளித் திறப்புக் கேள்வியில் சொன்ன அதே ‘ஆன்’.

சண்டையை ஆரம்பிச்சது யாருன்னு தெரியாம, எதனால ஆரம்பிச்சதுன்னு மட்டும் எழுதணும். எப்படி?

அதற்குத்தான் ‘டிரிகர்’, ‘ஸ்பார்க்’, ‘செட் ஆஃப்’ இருக்கின்றன. எழுவாயாக ஆளை வைக்காமல் காரணத்தை வைக்கலாம். 2017இல் நெடுவாசல் ஹைட்ரோகார்பன் திட்டம் போராட்டத்தைக் கிளப்பியது: ‘தி பிளான் ஸ்பார்க்ட் புரொடெஸ்ட்ஸ்’. ‘தி பிளான் ஸ்டார்ட்டட் புரொடெஸ்ட்ஸ்’ என்றால் திட்டமே கொடி பிடித்த மாதிரி இருக்கும். டிரிகர், ஸ்பார்க் இரண்டு சொல்லிலும் ஒரு நியாயம் ஒளிந்திருக்கிறது: சின்னப் பொறி பெரிய நெருப்பாக வேண்டுமென்றால் ஏற்கெனவே காய்ந்து கிடக்க வேண்டும். ‘புரவோக்’ போட்டால் வேண்டுமென்றே சீண்டியதாக ஆகும், செய்தி எழுதுகிறவர்கள் அதில் கவனமாக இருக்க வேண்டும்.

‘இன் தி பிகினிங்’, ‘அட் தி பிகினிங்’?

‘இன்’ என்றால் ஆரம்பத்தில், அப்புறம் மாறிவிட்டது. ‘அட்’ என்றால் ஒன்றின் முனை, பின்னால் ‘ஆஃப்’ வரும்: ‘அட் தி பிகினிங் ஆஃப் ஆடி’.

‘குடிக்க ஆரம்பிச்சிட்டான்’, ‘பாட்டு கத்துக்க ஆரம்பிச்சா’. ரெண்டுக்கும் ஸ்டார்ட்தானா?

ஸ்டார்ட் போடலாம். இன்னும் சரியாக வேண்டுமானால், யோசித்துத் தேர்ந்து கையில் எடுத்ததற்கு ‘டேக் அப்’: ‘ஷி டுக் அப் மியூசிக்’. பழக்கமாக ஒட்டிக்கொண்டதற்கு ‘டேக் டு’: ‘ஹி டுக் டு ட்ரிங்கிங்’.

‘மேட்டூர் அணை திறந்தாச்சு’ங்கிறதை இங்கிலீஷ்ல எழுதுங்க பார்ப்போம். ‘மேட்டூர் டேம் ஓபன்ட்’ சரியா?

பேப்பர் தலைப்பில் ஓடிவிடும், நம்மவருக்குப் புரியும். கேரளாவைத் தாண்டி ஒருவர் படித்தால் புது அணை ஒன்று திறப்பு விழா கண்டதாக நினைப்பார். அணை அந்தப் பொருளில் ஓபன் ஆனது 1934இல். ஆண்டுதோறும் நாம் காத்திருப்பது தண்ணீர் விடுவதற்கு, அதனால் ‘வாட்டர் வாஸ் ரிலீஸ்ட் ஃப்ரம் மேட்டூர் டேம்’. மேலே ‘வாஸ்’ கேள்வியில் சொன்ன கணக்குப்படி இதற்கு ஆள் வேண்டும், முதலமைச்சரோ அமைச்சரோ பொத்தானை அழுத்துகிறார், எனவே ‘வாஸ்’ இருக்கத்தான் வேண்டும். இங்கே ‘ஃப்ரம்’ இடத்துக்கு வந்திருக்கிறது. தேதிக்கு ‘ஆன் ஜூன் 12’. வழக்கமான நாள் அது, இருப்பைப் பொறுத்து மாறும், 2022இல் மே 24 அன்றே விட்டார்கள்.

அதே தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாயில் பிரியும்போது ‘தி ஷட்டர்ஸ் ஆஃப் தி கிராண்ட் அனைகட் வேர் ஓபன்ட்’. அங்கே திறப்பது கதவு, ஆகவே ஓபன். வயலுக்கு வந்த பிறகு குறுவை நடவு தொடங்கிவிட்டது என்பதற்கு ‘குறுவை டிரான்ஸ்பிளாண்டிங் ஹாஸ் பிகன்’, ஒரு வாரம் கழித்து எல்லா ஊரிலும் மும்முரமாக நடந்துகொண்டிருந்தால் ‘இஸ் அண்டர் வே’. கடைமடைக்கு இன்னும் தண்ணீர் எட்டவில்லை என்று கலெக்டருக்கு மனு எழுதுகிறீர்களா? அப்போது இந்தச் சொற்கள் எதுவும் வேண்டாம்: ‘வாட்டர் ரிலீஸ்ட் ஆன் ஜூன் 12 ஹாஸ் நாட் யெட் ரீச்ட் தி டெயில்-எண்ட் வில்லேஜஸ்’.